புதுப்பித்தபின் இருளும் திரை

எமது மாத்தளைத் தோட்டப்புறத்திலே ஒரு கணினியைச் சுற்றிப் பல மாணவர் காத்திருக்கும் பாடசாலைகள் உண்டு. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் அதன் திரை இருண்டாலோ, எழுத்துகள் பருத்துத் தோன்றினாலோ, புதுத்திரை வாங்கப் பெற்றோரிடம் பணம் திரட்டவேண்டாம். கணினியைத் தொடக்கியவுடன் உற்பத்தியாளரின் சின்னம் தெளிவாகத் தெரிகின்றதா? தெரியின், திரையும் கம்பியும் பெரும்பாலும் நலமே. இயங்குதளத்தின் கட்டளையைப் படங்காட்டும் உறுப்புக்கு மொழிபெயர்த்துரைக்கும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருளே தடுமாறியிருக்கும்.

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டிரைவர் மீளத் தொடங்கும். பயனில்லையேல், ‘சேஃப் மோட்’ முறையில் கணினியைத் தொடக்கி, ‘டிவைஸ் மனேஜர்’ பகுதியில் முன்னைய டிரைவரை மீட்கலாம். விண்டோஸ் 10இலிருந்து 11இற்கு மாறியிருப்பின், 10 நாட்களுக்குள் பழையதற்கே திரும்பவும் வழியுண்டு. ஆயினும் விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி முடிவுற்றமையால், அவ்வழியை நான் விரும்பேன்.