கட்டி இழுக்கலாமா, ஏற்றிப் போகலாமா?

திருவொற்றியூரில் சங்கிலி என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, சுந்தரர் கல்யாணம் செய்துகொண்ட சங்கிலி நாச்சியார். 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு ஊர் எல்லையைத் தாண்டினார் சுந்தரர். கண் பார்வை போயிற்று. இன்னொன்று, லாரி ஷெட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் இரும்புச் சங்கிலி. அதை நம்பி ஊர் எல்லையைத் தாண்டியவன் அடியேன். எனக்குப் போனது கியர்பாக்ஸ். அதுவும் என்னுடையது இல்லை சார், என் மச்சினனுடையது!

மச்சினனுக்கு கன்டெய்னர் யார்டு ஒன்றில் பில்லிங் வேலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்ததில் இடது கணுக்கால் சரியாக மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால், பி.எஃப். லோன் போட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினான். மற்றவர்களுக்கு கார் என்றால் பந்தா. அவனுக்கு அது இன்னொரு கால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேரடி பக்கத்தில் அந்தக் கால் மடங்கிவிட்டது.

"மாமா, ஸ்டார்ட்டே ஆவல" என்று போன்.

போய்ச் சேர்ந்தேன். தெரிந்த மெக்கானிக் இருப்பதோ அம்பத்தூரில். சுமார் 20 கிலோமீட்டர். ரெக்கவரி வண்டிக்கு போன் போட்டால் 3,500 ரூபாய் என்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மினி லாரிக்காரர் தெய்வம் மாதிரி வந்து நின்றார்.

"எண்ணூறு குடு சார். சங்கிலி போட்டு இஸ்துக்கினு போய் உட்டுடறேன்."

நான் பி.காம். படித்தவன். 3,500-ல் 800 போனால் 2,700 லாபம். "கட்டுங்க!" என்றேன்.

மச்சினன் தயங்கினான். "மாமா, இது ஆட்டோமேட்டிக்..."

"நியூட்ரல்ல போட்டா எல்லா வண்டியும் ஒண்ணுதான்டா!"

இந்த வாக்கியத்தின் விலையைப் பிறகு சொல்கிறேன்.

நான் மினி லாரியில் சொகுசாக உட்கார்ந்து டிரைவரோடு அரசியல் பேசிக்கொண்டு போனேன். பின்னால் மச்சினன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி நாலு மிதியில் தீர்ந்துபோகும். அப்புறம் பெடல் கருங்கல். ஸ்டீயரிங் ஆட்டுக்கல். ஒவ்வொரு சிக்னலிலும் லாரியின் பின்பக்கம் அவன் மூக்கைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

அம்பத்தூரில் மெக்கானிக் பாய் குனிந்து மோந்து பார்த்தார். "ஆட்டோமேட்டிக்கா? இஸ்துக்கினா வந்தீங்க?" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இறந்தவர் வீட்டில்கூட யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

அசல் ரிப்பேர் என்ன தெரியுமா? ஒரு ரிலே. 350 ரூபாய். கியர்பாக்ஸ் வேலை 48,000.

பாய் நடத்திய பாடத்தை இங்கே இலவசமாகத் தருகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவைப்பது ஒரு பம்ப். அந்த பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் செத்துக் கிடக்கும்போது சக்கரத்தை மட்டும் உருட்டினால், உள்ளே இருக்கும் சாமான்கள் எண்ணெய் இல்லாமல் உராய்ந்துகொண்டே வரும். நியூட்ரல் என்பது லீவருக்குத்தான், எண்ணெய்க்கு இல்லை.

அமெரிக்காவில் ரிடையர் ஆனவர்கள் வீடு மாதிரி ஒரு பஸ்ஸில் ஊர் சுற்றுவார்கள். (நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங், இல்லாவிட்டால் எலெக்‌ஷன்!) கடைகண்ணிக்குப் போக ஒரு சின்ன காரையும் பின்னால் இழுத்துப் போவார்கள். அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியும் தேரடியில் நான் உடைத்துக்கொள்ளாத கேள்வியும் ஒன்றுதான். வழிகள் மூன்று.

ஒன்று, நாலு சக்கரமும் தரையில். செலவு குறைவு. சாதாரண கியர் வண்டிகள் பலவற்றுக்குச் சரிப்படும். எதற்கும் காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டிவிட வேண்டும். 1989-ம் வருஷ சாலை விதிகளில் இதற்குக் கணக்கே உண்டு. இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, பின்னால் வருகிற வண்டியில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும். 2017-ல் புது விதிகள் வந்துவிட்டன. ஆனாலும் உயிர்மேல் ஆசை உள்ளவர்களுக்குப் பழைய அளவுகள் இன்றும் நல்ல அளவுகள்.

இரண்டு, இரண்டு சக்கரத்தைத் தூக்கி, இரண்டை உருட்டுவது. இங்கேதான் கேள்வி: எந்தச் சக்கரம் வண்டியை ஓட்டுகிறது? மாருதி 800 மாதிரி முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். அம்பாசடர் மாதிரி பின்சக்கரம் தள்ளுகிற வண்டி என்றால் பின்பக்கத்தை. தலைகீழாகச் செய்தால் மச்சினன் கதைதான். தரையில் இருக்கும் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க மறந்தால் அது தனிக் கதை.

மூன்று, காரை முழுசாக ட்ரெய்லர் மேல் ஏற்றிவிடுவது. நாலு சக்கரமும் ஓட்டுகிற ஜீப் வகைகள், பேட்டரி கார்கள் இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், இதுதான். இழுக்கிற வண்டி சுமக்க வேண்டியது காரின் எடையை மட்டுமல்ல, ட்ரெய்லரின் எடையையும் சேர்த்து. காரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினால் ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் கொக்கிமேல் விழ வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு.

இவ்வளவு தெரிந்துகொள்ள எனக்கு 48,000 ஆயிற்று. வெட்கம் என்னவென்றால், பாடம் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குக் கப்பலேறப் புத்தம்புது கார்கள் வருகின்றன. ஒரு கீறல்கூட இல்லாத வண்டி, ஓடக்கூடிய வண்டி. அதையே கம்பெனிக்காரன் இரண்டு அடுக்கு ட்ரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவருகிறான். ஓடாத வண்டியை நான் உருட்டிக்கொண்டு போனேன்!

இரண்டு மாதம் மச்சினன் பஸ்ஸில் போனான். கூட்டத்தில் அந்தக் காலை ஊன்ற முடியாமல் தொங்கிக்கொண்டு போவதை ஒருநாள் டோல்கேட் ஸ்டாப்பில் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் "வாங்க மாமா" என்று சிரித்திருப்பான். அதைத் தாங்கியிருக்க முடியாது. கியர்பாக்ஸ் பில்லில் பாதியை நான் கட்டினேன். மீதியை வாங்க மறுத்துவிட்டான்.

வண்டி தயாரான அன்று டாஷ்போர்டு பெட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த என் மனைவி ஒரு காகிதத்தை நீட்டினாள். இன்ஷூரன்ஸ் பாலிசி. மூன்றாவது பக்கத்தில் 'ரோட்சைட் அசிஸ்டன்ஸ்' என்று ஒரு வரி. வழியில் நின்றால் ஒரு போன், வண்டியை ஏற்றிப் போவது அவர்கள் பொறுப்பு. பிரீமியத்தோடு பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

"பி.காம். படிச்சவர்தானே... இதைப் படிக்கலையா?" என்றாள்.

உங்கள் பாலிசி எங்கே இருக்கிறது சார்? இந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் அதை ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.