நூலகர் நினைத்தால்...!

உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, ஆவணங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். குடும்ப அட்டையில் 'முகம்மது' என்றிருக்கும். வாக்காளர் அட்டையில் 'முகமது' என்றிருக்கும். ஆதாரிலோ 'முஹம்மது' என்றிருக்கும். மூவரும் ஒருவரே என்பது உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியுமா? ஓரெழுத்து மாறியதற்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் முதியோரை நம் மஹல்லாக்களில் காணாதவர் யார்?

இப்பிழைகளைக் களையும் வழி இன்று இணையத்தில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உண்டா என்று தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6; பிழை திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. பட்டா, சிட்டா விவரங்களையும் வீட்டிலிருந்தே காணலாம். அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே பாலமாக அமையும் இத்தகைய வசதிகளைக் 'குடிமைத் தொழில்நுட்பம்' என்கின்றனர்.

பாலம் இருக்கிறது, கைப்பிடித்து அழைத்துச் செல்வோர் வேண்டுமே! கணினி அறியாத நம் தாய்மார்கள் கடையில் பணமும் கொடுத்து, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணையும் சொல்லிவிட்டு, என்ன பதிவாயிற்று என்றறியாமலே திரும்புகின்றனர். 'இ-சேவை மையங்கள் உள்ளனவே' என்பீர்கள். அங்கே விண்ணப்பம் பதிவாகும். உடனிருந்து கற்றுத்தர அவர்களுக்கு நேரமேது? அதற்குத் தகுந்தவர் பொது நூலகரே.

அமெரிக்காவில் நடந்தது

2013 அக்டோபரில் அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்கென இணையதளம் திறந்தபோது, வீட்டில் கணினி இல்லாதோர் நூலகங்களை நாடினர். டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில், நகர நிர்வாகத்தின் புள்ளிவிவரங்களை மக்கள் பார்வைக்கு வைக்கும் பணியைப் பொது நூலகமே 2014-இல் ஏற்றது. நியூயார்க் நூலகமோ 2015-இல் நூலை இரவல் தருவதுபோல் இணைய இணைப்புக் கருவியையே வீட்டுக்கு இரவல் தந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இணையம்வழிப் பதிவுக்கே முதலிடம் தரப்பட்டபோதும் நூலகர்கள் துணை நின்றனர்.

நம் நாட்டிலும் 2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பு கணினிவழியில் நடைபெறும் என்றும், குடும்பத்தினர் தாமே பதிவு செய்து கொள்ளலாம் என்றும் 2025-இல் அறிவிக்கப்பட்டது. அப்பதிவில் நம் பெயர் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதை நாமே அறிந்திருக்க வேண்டாமா?

நூலகர் செய்யக் கூடியவை

வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் தேடக் கற்றுத்தரலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்து 30 நாட்களுக்குள் பதில் கோரும் முறையை விளக்கலாம். நூலகர் அதிகாரியல்லர், பெயரைத் திருத்த அவரால் இயலாது. ஆனால் எங்கே, எவ்வாறு கேட்பது என்று காட்ட இயலும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வந்தவரின் ஆதார் எண்ணும் இரகசிய எண்ணும் அமானிதம். அவற்றை உரியவரே தம் கையால் பதிய வேண்டும். பணி முடிந்ததும் கணினியில் அவற்றின் சுவடே இருத்தலாகாது.

இது நூலகத்துக்குப் புறம்பான வேலையன்று. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அலைந்து அலைந்து கழியும் ஏழையின் நேரமும் நேரமன்றோ?

சகோதர சகோதரிகளே! நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் தந்த ஏற்பாடு அது. ஆகவே நூலகம் நம் சொத்து. அடுத்த வாரம் உங்கள் பிள்ளையோடு அங்கே செல்லுங்கள். வீட்டுப் பெரியவரின் ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவி கேளுங்கள். நாம் கேட்கத் தொடங்கினால்தான் நூலகரும் நினைக்கத் தொடங்குவார்!