பன்னிரண்டு மணிக்கே ஏன் விசில்?



காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் நம் மலையேற்றக் குழு இந்த வருஷமும் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குப் போகிறது. போன வருஷம் போனவர்கள் ஒரு குறையை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். "நல்ல வெயில் அடிக்குது, தண்ணியில இப்பதான் இறங்கினோம், பன்னிரண்டு மணிக்கே சார் விசில் அடிச்சுட்டார்!" அந்த விசிலுக்கு என்ன காரணம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். ஆங்கிலப் பாடத்தில் 'ஆட்டம்' என்று ஒரு பருவம் வருகிறதே, இலை எல்லாம் சிவந்து உதிருமே, அது குளிர் நாட்டுக் கதை. நம் மலை அடிவாரத்து மரங்கள் இலை உதிர்ப்பது தை, மாசி வறட்சியில்தான். புரட்டாசியில் மலை பச்சைப்பசேல் என்று இருக்கும். நம் தமிழ்ப் பாடப்படி ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசி பிறந்தால் கூதிர்காலம். கார் என்றால் கருமேகம். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா?

இந்த மாதங்களில் காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிறது. சரிவை ஒட்டிய காற்றும் சூடாகி லேசாகி மலைமேல் ஏறுகிறது. அந்தக் காற்றில் ஈரம் அதிகம். 1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். குளிர்ந்ததும் ஈரம் மேகமாகிறது. பதினொரு மணிக்குப் பஞ்சு மாதிரி சின்னச் சின்ன மேகம். ஒரு மணிக்கு அது காலிஃப்ளவர் மாதிரி மேல்நோக்கி வளரும். மூணு, நாலு மணிக்கு இடி, மின்னல், மழை. தினமும் வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் வந்தால் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கும் கிடையாது, காலையிலேயே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நம் பயணம் அதற்கு முன்பே.

"மழைதானே, நனைஞ்சா என்ன?" என்று கேட்பீர்கள். நனைவதில் ஒன்றும் இல்லை. பயம் ஆற்றில் இருக்கிறது. ஆகாய கங்கையாக விழுவது ஐயாறு. கொல்லிமலை கூம்பு மாதிரி முடியும் மலை இல்லை, மேலே வயலும் ஊரும் உள்ள பரந்த சமவெளி. அங்கே பல பக்கம் பெய்யும் மழை ஓடை ஓடையாகச் சேர்ந்து, அறப்பளீஸ்வரர் கோயிலைத் தாண்டி சுமார் 300 அடி கீழே விழுகிறது. நாம் குளிக்கிற இடம் இரண்டு பக்கமும் பாறை நிற்கும் குறுகிய பள்ளம். செம்மேடு பக்கம் மழை கொட்டினால் நம் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும். மழை அங்கே, தண்ணீர் இங்கே!

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் இதுதான் நடந்தது. மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். நம் வயசுப் பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். டி.வி.யில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

வெள்ளம் வருமுன் தண்ணீர் சில அடையாளங்கள் காட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி செம்மண் நிறமாகும். சருகும் குச்சியும் மிதந்து வரும். அருவிச் சத்தம் கூடும், அல்லது காலடியில் தெரிந்த கல் ஒன்று மூழ்கிப்போகும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் சோப்பு, துண்டு, செருப்பு எல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேட்டில் ஏற வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது, தண்ணீர் நம்மைவிட வேகம்.

இன்னொரு கணக்கு படிக்கட்டு. மற்ற மலையில் முதலில் ஏற்றம், களைத்த பிறகு இறக்கம். இங்கே தலைகீழ்! கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கித்தான் அருவி. படி ஒன்று 20 செ.மீ. என்று வைத்தால்கூட 1000 படிக்கு 200 மீட்டர். மாடி ஒன்றுக்கு 3 மீட்டர் போட்டுப் பாருங்கள், அறுபது மாடிக்கு மேல்! அதைக் குளித்து, பசித்து, தொடை நடுங்கும்போது ஏற வேண்டும். இறங்க முக்கால் மணி ஆனால் ஏற ஒன்றரை மணி ஆகும். குழுவில் மெதுவாக நடப்பவர் வேகம்தான் எல்லாருடைய வேகம், அவரை முன்னால் விட வேண்டும். ஓடிப்போய் மேலே நின்று கை காட்டுகிற வீரர்கள் தயவுசெய்து கவனிக்க. மழை பெய்து பாசிப்படி வழுக்கினால் இந்த நேரமும் போதாது. இருட்டும் சீக்கிரம் வரும். ஜூன் மாதம் நம் ஊரில் சூரியன் மறைய 6.40 ஆகிறது, அக்டோபர் தொடக்கத்தில் 6.05 தான். பள்ளத்துக்குள் அதற்கு ரொம்ப முன்பே வெளிச்சம் குறைந்துவிடும்.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். இருட்டுமுன் காரவள்ளி அடிவாரம் சேர வேண்டும். அதற்கு இரண்டரை மணிக்கு பஸ் கிளம்ப வேண்டும். சாப்பாடு ஒரு மணி நேரம். ஏற்றம் ஒன்றரை மணி. விசில் எத்தனை மணிக்கு வருகிறது? விஞ்ஞானமும் கணக்கும் சேர்ந்து அடித்த விசில் அது, சாரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

மின்னல் பற்றி இயற்பியல் மிஸ் சொன்னது ஒன்று. ஒலி மூன்று விநாடியில் சுமார் ஒரு கி.மீ. போகும். மின்னலைப் பார்த்து இடி கேட்க 30 விநாடிக்குள் ஆனால் இடிமேகம் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போய்விட வேண்டும். தனி மரத்தடி கூடவே கூடாது.

வருகிறவர்கள் பெற்றோர் கையெழுத்து வாங்கி வெள்ளிக்கிழமைக்குள் குழுத் தலைவரிடம் கொடுக்கவும். இரண்டு லிட்டர் தண்ணீர், புளிசாதம், கடலைமிட்டாய், அடி தேயாத ஷூ கட்டாயம். பளபளக்கும் பாலிதீன் பை வேண்டாம், குரங்கு விடாது. அருவியில் தண்ணீர் அதிகம் என்று வனத்துறையினர் தடுத்தால் இறங்க மாட்டோம், கோயிலும் சோளக்காட்டு அன்னாசிப்பழமும்தான். பஸ் காலை 5.30-க்குப் பள்ளி வாசலில் கிளம்பும். கொண்டை ஊசி வளைவு மொத்தம் 70! தலை சுற்றுபவர்கள் முன் சீட்டுக்கு இப்போதே பெயர் கொடுங்கள், எலுமிச்சம்பழமும் கொண்டுவாருங்கள்.