பிடித்துக்கொண்ட போல்ட்

பிரேக் பேட் மாற்ற ஒரு மணி நேரம் போதும் என்று வீட்டு வாசலில் ஜாக்கி போடுகிறவரின் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விழுங்க ஒரே ஒரு 14 எம்எம் போல்ட் போதும். திருவான்மியூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என உப்புக்காற்று படும் இடங்களில் நிற்கும் கார்களில் இது அடிக்கடி நடப்பதுதான். காலிப்பர், சைலன்சர், சஸ்பென்ஷன் என்று வண்டியின் அடிவயிற்றில் இருக்கும் போல்ட்டுகள்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

காரணம் எளிது. இரும்பு துருவாக மாறும்போது, துருவின் வகையைப் பொறுத்து, அதன் பருமன் இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகுகிறது. மரைகளுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அதற்கு இடம் ஏது? ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது. அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் என்றால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினிய மரை வெள்ளைப் பொடியாக உதிரும். சக்கர நட்டுகளுக்கோ வேறு எதிரி: அளவுக்கு மீறி இறுக்கிவிடும் டயர் கடையின் ஏர் கன். சிறிய கார்களின் சக்கர நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். 60 கிலோ எடையுள்ளவர் 30 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றாலே 175ஐத் தாண்டிவிடும்.

அடுத்த வண்டி வரிசையில் காத்திருக்க, மெக்கானிக்குக்கு அவசரம். வீட்டில் வேலை செய்பவருக்கு அது இல்லை. அந்த நேரம்தான் அவர் கையில் இருக்கும் சிறந்த கருவி. முந்தைய நாள் மாலையே போல்ட்டின் தலையையும் வெளியே தெரியும் மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரஸ்ட் பெனிட்ரன்ட் அடித்து ஊறவிட வேண்டும். இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை. டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய் படாமல் மூடிவைப்பது கட்டாயம். கைக்குக் கிடைத்த டபிள்யூடி-40 எல்லாவற்றுக்கும் மருந்து என்று நம்புகிறவர்கள் நிறைய. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அது உருவானது, உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டித் துருப்பிடிக்காமல் காக்க. இறுகிய மரையைக் கழற்ற, அதற்கென்றே செய்த எண்ணெய்தான் நல்லது.

ஸ்பேனர் தேர்விலும் கவனம் வேண்டும். ஓப்பன் ஸ்பேனரும் ஸ்க்ரூ ஸ்பேனரும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர்தான் தலையை உருட்டாமல் முழுதாகப் பிடிக்கும். போல்ட் தலையில் சுத்தியால் நாலு தட்டு தட்டிவிட்டு, முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கமாகத் திருப்பிப் பார்க்கலாம். துருவின் பிடி விட்டு ஒரு கிரீச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அதன்பிறகு கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு விட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஸ்பேனர் நகர்ந்தும் போல்ட் ரப்பர்போல் முறுக்கிக்கொடுத்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்த இழுப்பில் அது ஒடியும்.

எண்ணெய்க்கு மசியாவிட்டால் சூடுதான் வழி. சூடேற்ற வேண்டியது நட்டை. அது விரிந்து போல்ட்டை விடுவிக்கும். ஆனால் பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் இவற்றின் அருகே நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. ஊற்றிய எண்ணெயும் தீப்பிடிக்கும் என்பதால் முதலில் துடைத்தெடுக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தைக் கடுமையாகச் சூடாக்கினால் பாஸ்ஜீன் வரலாம். முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கான வீரர்களைக் கொன்ற அதே நச்சுவாயு.

தலை ஒடிந்துவிட்டால், ஒடிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டைத் தேடி ஓடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அது மிகக் கடினமான எஃகு, வளையாமல் உடையும். உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடவே முடியாது. ஒடிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூட்டோடு திருப்பி எடுக்கும் அனுபவசாலியிடம் கொடுத்துவிடுவது மேல்.

திரும்பப் பூட்டும்போதும் ஒரு கண்ணி உண்டு. ஸ்பேனரில் கொடுக்கும் விசையில் 85 சதவீதத்துக்கும் மேல் உராய்விலேயே போய்விடுகிறது. மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே அளவு விசையிலேயே போல்ட் கூடுதலாக இழுபடும். அதனால் தயாரிப்பாளரின் கையேடு சொல்லாத இடத்தில், குறிப்பாகச் சக்கர நட்டில், கிரீஸ் வேண்டாம். புது போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். 10.9 இருந்த இடத்தில் 10.9தான். ஹார்டுவேர் கடையின் 4.6 அதில் பாதி பலம்கூடத் தாங்காது. காலிப்பரில் அதைப் பூட்டிய வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது.