வீட்டுத்தோட்டத்தில் உயர்பாத்தி: எப்போது? ஏன்?


பாத்தி வகைகள் பற்றிய வினாவிற்கு "உயர்பாத்தி சிறந்தது" என்று மட்டும் எழுதினால் அது முழுமையான விடையாகாது. எந்தப் பருவத்தில், எவ்வகை மண்ணில், என்ன காரணத்தினால் அது சிறந்தது என்பதையும் எழுதவேண்டும். சாவகச்சேரிப் பகுதி வீட்டுத்தோட்டத்தை உதாரணமாகக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

1. உயர்பாத்தி என்றால் என்ன?

சுற்றியுள்ள நிலமட்டத்திலும் பார்க்க உயரமாக மண்ணை அணைத்து அமைக்கப்படும் பாத்தியே உயர்பாத்தி ஆகும். நிலமட்டத்திலும் பார்க்கத் தாழ்வாக அமைக்கப்படுவது தாழ்பாத்தி ஆகும்.

2. சாவகச்சேரியின் மழையும் மண்ணும்

சாவகச்சேரி தென்மராட்சியில், யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு அண்மையில் உள்ளது. இது உலர் வலயத்தைச் சேர்ந்தது. எனினும், ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில் கிடைக்கின்றது. அப்போது தாழ்வான காணிகளில் நீர் தேங்கும். 2008 நவம்பரில் நிஷா சூறாவளியின்போதும், 2020 டிசம்பரில் புரவிப் புயலின்போதும் குடாநாட்டின் பல இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மழை ஓய்ந்தபின் தோட்டங்கள் கிணற்று நீரையே நம்பியுள்ளன. தென்மராட்சியில் மணற்பாங்கான மண் பரவலாக உள்ளது. அம்மண் நீரை விரைவாக இழக்கும்.

எனவே, ஒரே காணியில் பெரும்போகத்தில் மிகை நீரும் சிறுபோகத்தில் நீர்ப்பற்றாக்குறையும் பிரச்சினைகளாகின்றன.

3. உயர்பாத்தியின் நன்மைகள்

(அ) நீர் வடிப்பு: மேலதிக நீர் பாத்திகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களினூடாக வடிந்து செல்லும்.

(ஆ) வேருக்கு ஒட்சிசன்: நீர் தேங்கும்போது மண்ணின் நுண்டுளைகளிலுள்ள வளி வெளியேறுகின்றது. ஒட்சிசன் வளியில் பரவுவதிலும் பார்க்க நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். இதனால் வேரின் காற்றிற் சுவாசம் தடைப்பட, வேர் அழுகி, நீருக்குள் நிற்கும் பயிரும் வாடும். உயர்பாத்தி இதனைத் தவிர்க்கின்றது.

(இ) நோய் குறைதல்: மிகை ஈரத்தில் நாற்றழுகல் நோய் விரைவாகப் பரவும். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுமேடைகளை மழைக்காலத்தில் உயர்வாக அமைப்பதற்கு இதுவே முக்கிய காரணமாகும்.

(ஈ) மண் இறுகாமை: நடைபாதையில் நின்றே வேலை செய்வதால் பாத்தி மிதிக்கப்படுவதில்லை. மண் பொலபொலப்பாக இருப்பதால் கரட், பீற்றூட் போன்றவற்றின் கிழங்குகள் நன்கு பருக்கும்.

(உ) பசளைச் சிக்கனம்: கூட்டெருவைக் காணி முழுவதும் பரப்பாது பாத்திக்கு மட்டும் இடலாம். களை பிடுங்குவதும் இலகுவாகும்.

4. அமைக்கும் முறை

• அகலம் 1 மீற்றர். இரு பக்கமும் நின்று நடுப்பகுதியைக் கையால் எட்டுவதற்கு இவ்வகலமே வசதியானது.
• நீளம் 3 மீற்றர். உயரம் 15 சென்ரிமீற்றர். வெள்ளம் தேங்கும் காணியில் உயரத்தைக் கூட்டலாம்.
• பாத்திகளுக்கிடையே 30 முதல் 45 சென்ரிமீற்றர் வரை இடைவெளி விடுக. வாய்க்கால்கள் காணியின் தாழ்வான பக்கத்தை நோக்கிச் செல்லவேண்டும்.
• ஓரங்கள் கரையாதிருக்கப் பனங்குற்றி, தென்னம் பொச்சு, பழைய ஓடு போன்றவற்றை அடுக்கலாம்.
• மணல் மண்ணாயின் மாட்டெரு, கூட்டெரு, பூவரசு, கிளிசரியா இலைகள் என்பவற்றை மண்ணுடன் நன்கு கலக்குக. சேதனப் பொருள்கள் மணலின் நீர் பிடிக்கும் திறனைக் கூட்டுகின்றன.

கணித்துப் பாருங்கள்: 3 மீ × 1 மீ × 0.15 மீ = 0.45 கன மீற்றர். ஒரு பாத்தியை உயர்த்த இவ்வளவு மண்ணும் எருவும் தேவை. வாய்க்காலில் வெட்டும் மண்ணைப் பாத்தியில் இட்டால், வெளியிலிருந்து கொண்டுவரவேண்டிய அளவு குறையும்.

5. மட்டுப்பாடுகள்

உயர்பாத்தியின் பக்கங்களிலும் வெயில், காற்றுப் படுவதால் அது விரைவாக உலரும். சிறுபோகத்தில் மணல் மண்ணில் அதனை வைத்திருந்தால் அடிக்கடி நீர் இறைக்க நேரிடும். குடாநாட்டின் பல பகுதிகளில் நிலத்தடி நன்னீர், உவர்நீருக்கு மேல் ஒரு படையாகவே தங்கியுள்ளது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழுந்து கிணறு உவராகும். அதே கிணறுதான் பல வீடுகளில் குடிநீரையும் தருகின்றது. ஆகவே, வறண்ட மாதங்களில் தாழ்பாத்தி அமைத்து, வைக்கோல் அல்லது தென்னோலையால் பத்திரக்கலவை இடுவதே பொருத்தமானது.

நினைவிற் கொள்க
பெரும்போகம் – மிகை நீரை வடிக்க – உயர்பாத்தி
சிறுபோகம் – நீரைக் காக்க – தாழ்பாத்தி

மாதிரி வினா
சாவகச்சேரியில் ஒருவர் நவம்பர் மாதத்தில் மட்டமான பாத்தியில் நட்ட மிளகாய்க் கன்றுகள், நீர் தேங்கிய பின் வாடின.
(i) நீர் இருந்தும் கன்றுகள் வாடியமைக்குக் காரணம் தருக.
(ii) அவர் செய்யவேண்டிய மாற்றம் ஒன்றைக் கூறுக.
(iii) அம்மாற்றத்தை மே மாதத்திலும் பின்பற்றலாமா? காரணம் தருக.

விடைக் குறிப்பு
(i) ஒட்சிசன் குறைவினால் வேரின் காற்றிற் சுவாசம் தடைப்படல். அதனால் நீர் உறிஞ்சல் குறைதல்.
(ii) உயர்பாத்தியும் வடிகாலும் அமைத்தல்.
(iii) பொருத்தமற்றது. மே மாதம் வறண்ட காலமாதலால் பாத்தி விரைவில் உலரும், நீர்த்தேவை கூடும்.

மூன்றாம் பகுதிக்கு "இல்லை" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். காரணத்தையும் கட்டாயம் எழுதுங்கள்.