எந்தக் குழுவில் சேர்வது?

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இன்னும் இருட்டுதான். சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடும். ஆனால், அந்த நேரத்திலேயே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் வாகன நிறுத்துமிடங்களில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் மினுங்கத் தொடங்கும். மிதிவண்டி மன்றங்களைச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கூடுவார்கள். ஒருவர் சக்கரத்தை விரலால் அழுத்திக் காற்று போதுமா என்று பார்ப்பார். இன்னொருவர் தண்ணீர்ப் போத்தலை வண்டியில் மாட்டுவார். சற்று நேரத்தில் குழுவை வழிநடத்துவோர் குரல் கொடுப்பார்கள்.

"முப்பது இந்தப் பக்கம் வாங்க! இருபத்தைந்து அந்த மரத்தடிக்கு!"

புதிதாக வந்த இளைஞர் ஒருவர் இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் நல்ல மிதிவண்டி இருக்கிறது. கால்களில் வலுவும் இருக்கிறது. தனியாக ஓட்டிய ஒரு நாளில் அவருடைய கைப்பேசிச் செயலி மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம் என்று காட்டியிருக்கிறது. மரத்தடியில் நிற்பவர்களுள் சிலருக்கு அவருடைய தாத்தாவின் வயது இருக்கும். முப்பதுதான் தமக்குரிய இடம் என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். இந்த முடிவை எடுக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு அவருக்கும் அவருக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கும் என்ன நேரும் என்பது இந்த அரை நிமிடத்தைப் பொறுத்தது.

எல்லாரும் ஒன்றாகவே சென்றால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். சட்டம் அதற்கு இடம் தராது. 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, சிங்கப்பூர்ச் சாலைகளில் செல்லும் குழுவின் நீளம் ஐந்து மிதிவண்டிகளைத் தாண்டக்கூடாது. ஒற்றை வரிசையில் சென்றால் ஐந்து பேர். இருவர் இருவராக இணைந்து சென்றால் பத்துப் பேர். அப்படி இணைந்து செல்வதற்கும் ஒரே திசையில் குறைந்தது இரண்டு தடங்கள் உள்ள சாலை வேண்டும். பேருந்துத் தடம் நடப்பில் இருக்கும் நேரமாகவும் இருக்கக்கூடாது. ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவே இரண்டு விளக்குக் கம்பங்களின் தூரம், அதாவது ஏறத்தாழ 30 மீட்டர், விடும்படி பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே, நாற்பது பேர் வந்தால் குறைந்தது நான்கு குழுக்களாகப் பிரிய வேண்டும். எப்படியும் பிரிய வேண்டும் என்னும்போது வேகத்தை வைத்துப் பிரிவதே எல்லாருக்கும் வசதி.

சில மன்றங்கள் குழுக்களை வேகத்தின் எண்ணால் அழைக்கின்றன. வேறு சில, ஏ, பி, சி என்று எழுத்தால் அழைக்கின்றன. எழுத்து முறை அவ்வளவு நல்லது என்று சொல்ல முடியாது. தேர்வுத் தாளில் 'சி' என்ற எழுத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது குறைந்த மதிப்பெண்ணாகவே தெரியும். அதைத் தவிர்ப்பதற்காகவே ஒருவர் தம்மால் முடியாத குழுவில் போய் நிற்கக்கூடும்.

எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. 'முப்பது' என்றால் எந்த முப்பது? தடையில்லாத சமதளச் சாலையில் குழு ஓடும் வேகமா, புறப்பட்டதிலிருந்து வந்து சேரும்வரை கணக்கிட்ட சராசரி வேகமா? இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஒரு குழு 40 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 80 நிமிடங்கள் ஆகும். வழியில் உள்ள போக்குவரத்து விளக்குகளில் மொத்தம் 20 நிமிடங்கள் நின்றால் பயண நேரம் 100 நிமிடங்களாகிவிடும். அப்போது சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்தான். அந்தச் சராசரியை மட்டும் பார்க்கும் புதியவர், "இருபத்து நான்குதானே, என்னால் முடியும்" என்று நினைத்துவிடுவார். நம் இளைஞர் செய்த பிழை வேறு. அவர் பார்த்த 34, மேம்பாலத்திலிருந்து இறங்கியபோது சில விநாடிகளுக்கு வந்த வேகம். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்ட முடியுமா என்பதை அந்த எண் சொல்லாது.

இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் ஐந்துதானே வேறுபாடு என்று எண்ணுவதும் இயல்பு. இங்கே காற்று குறுக்கிடுகிறது. சமதளத்தில் வேகமாகச் செல்லும் மிதிவண்டியைத் தடுக்கும் விசைகளுள் பெரியது காற்றின் தடை. வேகம் இரு மடங்கானால் அந்தத் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்துக் கால்கள் தர வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். அதாவது, தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 25இன் மும்மடி 15,625. 30இன் மும்மடி 27,000. வேகம் 20 விழுக்காடுதான் கூடியிருக்கிறது. ஆனால், காற்றை வெல்வதற்கான உழைப்பு 70 விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிட்டது. கணிதப் பாடத்தில் பார்த்த மும்மடி, காலைக் குளிரிலும் வியர்வையாக வெளிவருகிறது.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் மிதிவண்டியோட்டிகள் ஒருவர் பின் ஒருவராகச் செல்கிறார்கள். முன்னால் செல்பவர் காற்றைப் பிளந்துகொண்டு போகிறார். அவரை ஒட்டிப் பின்தொடர்பவருக்கு எதிர்ப்பு குறைகிறது. சமதளத்தில் அவருடைய உழைப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். நன்றாகப் பழகியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் மிச்சமாகலாம். தனியாக 27இல் மூச்சுவாங்கும் ஒருவர் குழுவின் நடுவில் 30இல் செல்ல முடிவது இதனால்தான்.

ஆனால், இந்த உதவிக்கு ஒரு விலை உண்டு. காற்றின் நிழல் கிடைக்க வேண்டுமென்றால் முன்னால் உள்ளவரின் பின்சக்கரத்துக்கு மிக அருகில், ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில், செல்ல வேண்டியிருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்கும் அதிகம். முன்னால் உள்ளவர் திடீரெனப் பிரேக் பிடித்தால், பின்னால் உள்ளவர் அதைக் கண்டு கையை அழுத்துவதற்குள் இடைவெளி தீர்ந்துவிடும். இங்கே ஒருவரைக் காப்பாற்றுவது அவருடைய வேகமான கைகள் அல்ல. முன்னால் உள்ளவர் திடீரென எதையும் செய்யமாட்டார் என்ற நம்பிக்கையே அவரைக் காக்கிறது. பள்ளம் இருந்தால் முன்கூட்டியே கைகாட்டுவார், நிற்பதற்கு முன் குரல் கொடுப்பார், நேர்கோட்டை விட்டு விலகமாட்டார் என்ற நம்பிக்கை அது.

களைத்துப்போனவரால் இந்த நம்பிக்கையைக் காப்பாற்ற முடிவதில்லை. நம் இளைஞரின் பயணத்தையே பார்ப்போம். முதல் பத்துக் கிலோமீட்டர் அவருக்கு மிக இன்பமாக இருக்கிறது. இவ்வளவு எளிதா என்று வியக்கிறார். பிறகு போக்குவரத்து விளக்குகள் வருகின்றன. பச்சை விளக்கு எரிந்ததும் முன்னால் உள்ளவர்கள் முதலில் கிளம்பிவிடுகிறார்கள். கடைசியில் இருப்பவர் சில விநாடிகள் கழித்தே கிளம்ப முடியும். அந்த இடைவெளியை மூட அவர் முப்பதைத் தாண்டி விரட்ட வேண்டும். ஒவ்வொரு விளக்கிலும், ஒவ்வொரு திருப்பத்திலும் இதே கதை. வரிசையின் கடைசியில் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தவர்தான் அதிகமாக வெடித்து ஓட வேண்டியிருக்கிறது.

இருபதாவது கிலோமீட்டரில் அவருடைய பார்வை முன்னால் உள்ளவரின் சக்கரத்தை விட்டு அகலவில்லை. சாலையை அவர் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கக் கையை எடுக்கவும் அஞ்சுகிறார். முன்னால் உள்ளவர் பள்ளத்தைச் சுட்டிக் காட்டுகிறார். இவர் அதைப் பின்னால் உள்ளவருக்குக் காட்ட மறந்துவிடுகிறார். ஒரு கணம் அவருடைய முன்சக்கரம் முன்னால் உள்ளவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைகிறது. இரண்டு சக்கரங்களும் உரசினால் பெரும்பாலும் விழுபவர் பின்னால் இருப்பவரே. அவருக்குப் பின்னால் வருபவர் விலகிச் செல்ல இடமிருக்காது. பக்கத்துத் தடத்தில் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். இந்த முறை ஒன்றும் நேரவில்லை. அவர் சற்றே விலகி, வேகத்தைக் குறைத்து, குழு தொலைவில் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அங்கே அவருக்கு இன்னொன்று தெரியவருகிறது: அந்தக் குழு யாருக்காகவும் நிற்கும் குழு அன்று. சில குழுக்களில் கடைசி ஆளையும் அழைத்துச் செல்வது விதி. அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் வால்பக்கம் வருவார். குழு குறிப்பிட்ட இடங்களில் காத்திருக்கும். வேறு சில குழுக்களில், பின்தங்கியவர் தாமே வழி கண்டுபிடித்துச் சேர வேண்டும். இரண்டுமே நேர்மையான ஏற்பாடுகள்தாம், முன்பே சொல்லப்பட்டிருந்தால். புதியவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேகத்தைப் பற்றியது அன்று, "பின்தங்கினால் காத்திருப்பீர்களா?" என்பதே அது. எங்கே நிறுத்துவீர்கள், எவ்வளவு தூரம், எல்லாரும் முறைவைத்து முன்னால் செல்ல வேண்டுமா என்பவை அடுத்தவை. முன்னால் செல்லும் முறை வரும்போது காற்றின் நிழல் இருக்காது என்பதால், கடைசிக் கேள்வியைச் சிறியதாக எண்ணக்கூடாது.

தம்முடைய நிலையை அறிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு காலையில் தனியாக, ஒரே சீரான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு உடையாமல் பேச முடிந்தால் அது தாங்கக்கூடிய வேகம். இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது நீண்ட நேரம் தாங்காது. பேச முடிகிற அந்த வேகத்தின் எண்ணைக் கொண்ட குழுவையே முதல் சில வாரங்களுக்குத் தேர்ந்தெடுக்கலாம். காற்றின் நிழலால் மிச்சமாகும் வலுவைக் கைகாட்டவும், குரல் கொடுக்கவும், நேர்கோட்டில் செல்லவும் பழகச் செலவிடலாம். இந்தச் சோதனையை எங்கே செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். பூங்கா இணைப்புப் பாதைகளில் உச்சவேகம் மணிக்கு 25 கிலோமீட்டர்தான். குழந்தைகளும் முதியவர்களும் நடமாடும் இடம் அது. வேகக் குழுக்கள் அனைத்தும் சாலையிலேயே செல்ல வேண்டும். சாலையில் தலைக்கவசம் கட்டாயம். இருட்டில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் கட்டாயம்.

வீட்டிலிருந்து வரும் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூரோங்கிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு மிதிவண்டியிலேயே வருபவர், குழு புறப்படும் முன்பே இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருப்பார். திரும்பிப் போகவும் அவ்வளவு தூரம் இருக்கிறது. பக்கத்து அடுக்குமாடியிலிருந்து வந்தவருக்கு ஏற்ற குழு அவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை.

சாலையும் பருவமும்கூட எண்ணின் பொருளை மாற்றிவிடும். சாங்கியை நோக்கிச் செல்லும் தானா மேரா கோஸ்ட் சாலை நீண்டது, தட்டையானது. ஆண்டின் முதல் மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று அங்கே நேர் எதிரே வீசும். போகும்போது 26 என்பதே கடினமாக இருக்கும், திரும்பும்போது 32 விளையாட்டாகத் தெரியும். மண்டாய் சாலையின் ஏற்ற இறக்கங்களிலோ மவுண்ட் ஃபேபர் மேட்டிலோ கதை வேறு. ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் நிழல் அவ்வளவாக உதவாது. ஒவ்வொருவரும் தம் எடையைத் தாமே மேலே கொண்டுபோக வேண்டும். சாங்கிப் பக்கம் முப்பதில் சென்றவர் மண்டாயில் அதே குழுவோடு செல்ல முடியாமல் போவது மிகவும் இயல்பானது.

மரத்தடியில் நின்ற அந்தத் தாத்தாக்களிடம் ஒருமுறை திரும்புவோம். அவர்களுடைய வரிசையைப் பின்னாலிருந்து பார்த்தால், பத்துச் சக்கரங்களும் ஒரே நூலில் கோத்ததுபோல் போகும். யாரும் திடீரெனப் பிரேக் பிடிப்பதில்லை. முன்னால் எழும் "குழி!" என்ற குரல் கடைசி ஆள்வரை தவறாமல் போய்ச் சேரும். குழுவாக ஓட்டும் கலையைக் கற்க விரும்புபவருக்கு வேகமான குழுவைவிட இதுவே நல்ல இடம். வேகமான குழுவில் அதைக் கற்றுக்கொடுக்க யாருக்கும் மூச்சு மிஞ்சுவதில்லை.

தேவைக்குக் குறைவான குழுவில் சேர்பவரும் தொல்லை தரலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வலுவுள்ளவர் இருபத்தைந்துக்கு வந்துவிட்டு, தம் முறை வந்ததும் முப்பதுக்கு விரட்டினால் பின்னால் உள்ளவர்கள் சிதறிப்போவார்கள். அந்தக் குழுவின் எண் அவருக்கும் பொருந்தும். மேல்நிலைக்கு மாற நேரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் எளியது: தம் குழுவில் முன்னால் செல்லும் முறைகளை எல்லாம் ஒரே சீராக முடித்த பிறகும், வீடு திரும்பும்போது பேசிக்கொண்டே வர முடிகிறது என்றால் அடுத்த குழுவை முயன்று பார்க்கலாம். பதினெட்டு வயது நிறையாதவர்களிடம் மன்றங்கள் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்பது வழக்கம் என்பதால், அதையும் முன்பே பெற்றுக்கொள்வது நல்லது.

முயன்று பார்த்த குழு ஒத்துவரவில்லை என்றால் நடுவழியில் விலகிக்கொள்வதில் குறை ஒன்றுமில்லை. ஆனால், சொல்லிவிட்டு விலக வேண்டும். விலகுபவர் முதலில் கையைக் காட்டி, இடப்பக்கமாக மெல்ல ஒதுங்கி, பக்கத்தில் உள்ளவரிடம், "அண்ணா, நான் பின்னால் வரும் குழுவோடு சேர்ந்துகொள்கிறேன்" என்று கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் வண்டிகளை நிறுத்தியதும், வழிநடத்துபவர் தேநீருக்குச் சொல்வதற்கு முன் தலைகளை எண்ணுவார். எண்ணிக்கையில் ஒன்று குறைந்து, காரணமும் யாருக்கும் தெரியாவிட்டால், அவர் மறுபடியும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்த வழியே தேடிப் போக வேண்டியிருக்கும்.