டீபால்ட் செட்டிங்: வசதியா? பாதுகாப்பா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஆண்டி வைரஸ் நல்லது என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. நாம் எந்த செட்டிங்கையும் தொடாமல் விட்டால், நம் கம்ப்யூட்டர் எப்படி நடந்து கொள்ளும்?

ஒரு புரோகிராமில் ஏற்கனவே அமைத்துத் தரப்பட்டிருக்கும் நிலையை டீபால்ட் என்கிறோம். எழுத்தின் அளவு, பைல் சேவ் ஆகும் போல்டர் போன்றவற்றில் இதனால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் புரோகிராம்களை எழுதவும் இயக்கவும் உதவும் டூல்களில், டீபால்ட் நிலை நம் பைல்களையே இழக்கச் செய்யலாம். இரண்டு நிகழ்வுகளைப் பார்ப்போம்.

மெலிசா தந்த பாடம்

வேர்ட், எக்செல் ஆகியவற்றுடன் விபிஏ என்னும் புரோகிராமிங் வசதியும் சேர்ந்தே வருகிறது. இதில் எழுதப்படும் சிறு புரோகிராம்களை மேக்ரோ என்பார்கள். மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் பிடிக்கும் கணக்கு வேலையை ஒரே கிளிக்கில் முடித்துவிடலாம். டாகுமெண்டைத் திறந்தவுடன் தானாக இயங்கும்படியும் மேக்ரோ எழுத முடியும்.

இந்த வசதியைத்தான் 1999 மார்ச்சில் மெலிசா வைரஸ் பயன்படுத்திக் கொண்டது. இமெயிலில் வந்த வேர்ட் டாகுமெண்டைத் திறந்து மேக்ரோவை இயங்கவிட்டால் போதும். அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் 50 முகவரிகளுக்கு அது தன்னையே அனுப்பியது. மேக்ரோ குறித்து வேர்ட் தரும் எச்சரிக்கையையும் நிறுத்தி வைத்தது. தெரிந்தவரிடம் இருந்து வந்த கடிதம் என்பதால், பெற்றவர்களும் தயங்காமல் திறந்தார்கள்.

டெக்ஸ்ட் பைல் போல வந்த புரோகிராம்

அடுத்த ஆண்டு, 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஐ லவ் யூ வைரஸ் பரவியது. அட்டாச்மெண்ட்டாக வந்த பைலின் பெயர் 'லவ்-லெட்டர்-பார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. கடைசியில் உள்ள விபிஎஸ் என்பதுதான் உண்மையான எக்ஸ்டென்ஷன். அதாவது இது விபி ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட புரோகிராம்.

விண்டோஸில் இரண்டு டீபால்ட்கள் இதற்கு உதவின. ஒன்று, தெரிந்த வகை பைல்களின் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்துவிடும். எனவே பைலின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதாகவே தெரிந்தது. இரண்டு, விபிஎஸ் பைலை டபுள் கிளிக் செய்தால், உள்ளே எழுதியிருப்பதைக் காட்டாமல் உடனே அதை இயக்கிவிடும். படிப்பதற்காகக் கிளிக் செய்தவர்கள் உண்மையில் ஒரு புரோகிராமை ஓடவிட்டார்கள். அது ஜேபெக் படங்களை அழித்து, அந்த இடத்தில் தன் நகலை எழுதியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு விபி ஸ்கிரிப்ட் எழுதும் வேலை இருந்திருக்கும்? மிகச் சிலருக்குத்தான். அந்தச் சிலரின் வசதிக்காகத் திறந்து வைத்த கதவு, எல்லார் வீட்டிலும் திறந்தே இருந்தது. செட்டிங் பற்றித் தெரிந்தவர் அதைத் தானே மாற்றிக் கொள்வார். தெரியாதவருக்கு அப்படி ஒரு செட்டிங் இருப்பதே தெரியாது. ஆகவே டீபால்ட் நிலை, தெரியாதவரைக் காப்பதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தாமதமாக வந்த மாற்றம்

பிறகு வந்த ஆபீஸ் தொகுப்புகள் மேக்ரோவை நிறுத்தி வைத்து, மஞ்சள் பட்டையில் எச்சரித்தன. ஆனால் அதிலேயே 'எனேபிள் கன்டென்ட்' பட்டனும் இருந்தது. ஏமாற்றுபவர்கள், "இதைப் படிக்க அந்தப் பட்டனை அழுத்தவும்" என்று டாகுமெண்டிலேயே எழுதி வைத்தார்கள்.

இன்டர்நெட்டிலிருந்து வரும் பைல்களின் மேக்ரோக்களை டீபால்ட்டாகவே தடுக்கப் போவதாக மைக்ரோசாப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. மெலிசா வந்து அதற்குள் ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஆகிவிட்டன. பயனாளர்களின் கருத்துகளை அடுத்து, 2022 ஜூலையில் இந்த மாற்றம் சில நாட்கள் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கியது. மேக்ரோவை நம்பி வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இது உண்மையான சிரமம்தான். விபி ஸ்கிரிப்ட்டும் விண்டோஸிலிருந்து படிப்படியாக நீக்கப்படும் என்று 2023 அக்டோபரில் அறிவிப்பு வந்தது.

எதற்கெடுத்தாலும் எச்சரிப்பதும் பயன் தராது. 2007ல் வந்த விண்டோஸ் விஸ்டா, அடிக்கடி அனுமதி கேட்டுத் தொல்லை தந்தது. பலர் படிக்காமலே அனுமதி கொடுக்கப் பழகினார்கள். சிலர் அந்த வசதியையே நிறுத்திவிட்டார்கள். 2009ல் வந்த விண்டோஸ் 7ல் இந்தக் கேள்விகள் குறைக்கப்பட்டன.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. புதுக் கம்ப்யூட்டரில் நான் முதலில் செய்வது எக்ஸ்டென்ஷனைத் தெரிய வைப்பது. விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ, ஷோ, 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' எனத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10ல் வியூ டேப்பிலேயே இதற்கான கட்டம் இருக்கும். அதில் டிக் செய்யுங்கள்.

2. இனி பைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பைலில் மேக்ரோ இருக்காது. எக்ஸ்எல்எஸ்எம், டிஓசிஎம் என 'எம்' எழுத்தில் முடிந்தால் மேக்ரோ இருக்கலாம். பழைய எக்ஸ்எல்எஸ், டிஓசி பைல்களிலும் இருக்கலாம்.

3. வேர்டில் பைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், மேக்ரோ செட்டிங்ஸ் எனச் செல்லுங்கள். எல்லா மேக்ரோவையும் 'எனேபிள்' செய்யும் நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எக்செல்லிலும் இதேபோல் பாருங்கள். "ஒவ்வொரு முறையும் கேட்கிறதே, மொத்தமாகத் திறந்துவிடுங்கள்" என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நான் செய்து தருவதில்லை.

4. ஆடிட்டர் அனுப்பிய மேக்ரோ பைல் உண்மையிலேயே தேவை என்றால், முதலில் அவருக்குப் போன் செய்து கேளுங்கள். பிறகு அந்த பைலில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சென்று, 'அன்பிளாக்' கட்டத்தில் டிக் செய்யுங்கள். அந்த ஒரு பைலுக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். மற்றவற்றுக்குப் பாதுகாப்பு அப்படியே இருக்கும்.

5. எதிர்பாராமல் வந்த விபிஎஸ், ஜேஎஸ் பைல்களைக் கிளிக் செய்யாமல் அழித்துவிடுங்கள்.

இவற்றைச் செய்யப் பத்து நிமிடம் கூட ஆகாது. புதிய சாப்ட்வேர் எதை இன்ஸ்டால் செய்தாலும், அதன் செட்டிங்ஸ் பகுதியை ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கத்தையும் ஏற்படுத்திக் கொள்ளுங்கள். அங்கே உங்களைக் கேட்காமலே சில முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும்.